கூரையில்லாக் குதிரைகள்



பத்துப்பாட்டு நூல்களுள் நெடுநல்வாடைக்கு ஒரு தனியிடம் உண்டு. 188 அடிகளுக்குள் நக்கீரர் வாடைக்காலம் முழுவதையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலம் போன கோவலர் நெருப்பில் கைகாய்ச்சியும் நடுக்கம் தீராது நிற்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் விறைத்து விழுகின்றன. கறவைப்பசு, பால்குடிக்க வந்த தன் கன்றையே உதறித் தள்ளுகின்றது.

இப்பாட்டில் குதிரைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. முதலாவது இடம் அரண்மனை. அங்கே பந்தியில் நின்று நின்று சலித்துப்போன குதிரைகள் புல்லை மென்று குதட்டும் ஓசை தனிமைத் துயரோடு கேட்கின்றது. இரண்டாவது இடம் பாட்டின் முடிவில் வரும் பாசறை. புண்பட்ட வீரரைக் காண அரசன் நள்ளிரவில் வெளிவருகிறான். அப்போது சேணம் களையாத குதிரைகள் சேறான தெருவிலே நின்று தம்மேல் விழும் மழைத்துளிகளைச் சிலிர்த்து உதறுகின்றன. உயர்தர வகுப்பில் இப்பாட்டை நடத்தும்போது மாணவர்களின் கவனம் பெரும்பாலும் அரசியின் தந்தக்கட்டிலோடு நின்றுவிடும். எனக்கோ இந்தக் குதிரைகள்மீது எப்போதும் ஒரு கண் உண்டு. கூரையின்கீழ் நிற்கும் குதிரை சலித்து நிற்கிறது. வானத்தின்கீழ் நிற்கும் குதிரை நனைந்து நிற்கிறது. இவற்றுள் எது நலமாக இருந்தது?

பணை, பந்தி, மந்துரை, லாயம் எனக் குதிரை கட்டும் இடத்துக்குத் தமிழில் சொற்கள் பல. இது வியப்பன்று. குதிரை நமக்குக் கடல்வழியே வந்த விலங்கு. அரசர்க்கு உரிய அரும்பொருள். அரும்பொருளைப் பூட்டிக் காப்பதுதானே வழக்கம்! அதனால்தான் கூரையில்லாத குதிரை என்றதும் அதைக் கவனிப்பாரற்ற குதிரை என்று நாம் எண்ணிவிடுகிறோம். குளிர்நாடுகளிலும் இவ்வெண்ணம் உண்டு. குளிர்காலம் வந்ததும் குதிரையை உள்ளே கட்டுவதா, வெளியே விடுவதா என்பது அங்கே குதிரை வளர்ப்போரிடையே இன்றும் நடக்கும் வாதம். வரலாற்றின் பக்கங்களில் இதற்கு மறுமொழி சொல்லும் சில நிகழ்ச்சிகள் உள்ளன. அவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

1245ஆம் ஆண்டு பாப்பரசர் நான்காம் இன்னொசென்ற் மொங்கோலியப் பேரரசனிடம் ஒரு தூதரை அனுப்பினார். அவர் பெயர் கார்ப்பினி. அறுபது வயதைக் கடந்த துறவி. 1246ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கீவ் நகரை அடைந்தார். 1240இல் மொங்கோலியரால் அழிக்கப்பட்ட நகரம் அது. தமது குதிரைகளோடு மேலே செல்வது பற்றி அங்கிருந்த தலைவர்களிடம் அவர் யோசனை கேட்டார். அவர்கள் சொன்ன மறுமொழியைக் கார்ப்பினி எழுதி வைத்திருக்கிறார். அதன் சாரம் இதுதான்: உங்கள் குதிரைகளை அங்கே கொண்டுபோனால் எல்லாம் செத்துப்போகும். வெண்பனி ஆழமாகக் கிடக்கிறது. அதைக் கிளறிக் கீழே உள்ள புல்லை எடுக்க அவற்றுக்குத் தெரியாது. தாத்தாரியக் குதிரைகளுக்குத் தெரியும். அந்த மக்களிடம் வைக்கோலும் இல்லை, உலர்புல்லும் இல்லை, வேறு தீவனமும் இல்லை.

கார்ப்பினி தமது குதிரைகளைக் கீவிலேயே விட்டுவிட்டுப் போனார். அவற்றைக் காத்தது அந்த யோசனைதான்.

அந்த மறுமொழியைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். "உங்கள் குதிரைகள் குளிர் தாங்காது" என்று அவர்கள் சொல்லவில்லை. "அவற்றுக்குத் தெரியாது" என்றுதான் சொன்னார்கள். வெளியே வாழ்வது குதிரைக்கு உடலால் மட்டும் வருவதன்று. அது ஒரு கல்வி. தாயின் பின்னால் நடந்து, முன்காலால் பனியைச் சுரண்டி, புல் இருக்கும் இடத்தைக் குட்டி கற்றுக்கொள்கிறது. ரஷ்ய மொழியில் இந்தப் பனிக்கால மேய்ச்சலுக்கென்றே தெபெனியோவ்கா என்று ஒரு சொல் உண்டு. ஒரு தொழில் மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருந்தால் அதற்கென்று ஒரு தனிச்சொல் பிறக்கும் என்பதை மொழி படித்தவர்கள் அறிவார்கள்.

மொங்கோலியப் புல்வெளியில் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் இரவில் பட்டியில் அடைப்பார்கள். குதிரைகள் மந்தையாக வெளியிலேயே இருக்கும். கோடையிலும் இலையுதிர்காலத்திலும் தின்ற புல் உடலில் கொழுப்பாகச் சேரும். குளிர்காலம் அந்தச் சேமிப்பிலும் கிளறி எடுத்த புல்லிலும் கழியும். பனி ஆழமான இடத்தில் முதலில் குதிரைகளை மேயவிடுவார்கள். அவற்றின் குளம்பு பனியைக் குத்தி உடைத்த பிறகு மாடும் ஆடும் அதே இடத்தில் மேயும். குதிரை தன் உணவைத் தானே தேடுவதோடு மற்றவற்றுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

இந்த வாழ்க்கைமுறைதான் ஒரு படையெடுப்பின் உட்பொருளாகவும் அமைந்தது. பெரும்பாலான படைகள் குளிர்காலத்தில் பாசறைக்குள் ஒடுங்கும். பாத்துகானின் மொங்கோலியப் படையோ குளிர்காலத்தையே தேர்ந்தெடுத்து ரஷ்ய நிலத்துள் புகுந்தது. ஆறுகள் உறைந்து பாதைகளாகிவிட்டன. 1237 டிசெம்பரில் றியாசான் வீழ்ந்தது. 1238 பெப்ரவரியில் விளாடிமிர் வீழ்ந்தது. ஒவ்வொரு வீரனிடமும் மாற்றுக்குதிரைகள் பல இருந்தன. அவை எல்லாவற்றுக்கும் தீவனவண்டி வேண்டுமென்றால் அப்படை ஒரு வாரமும் நகர்ந்திருக்காது. அந்த நகரங்களின் மக்களுக்கு நேர்ந்த கொடுமையை மறந்து குதிரையைப் புகழ்வது என் நோக்கமன்று. கூரையில்லாக் குதிரைக்கு வரலாற்றில் எத்துணை வலிமை இருந்தது என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சிக்கு அறுநூறு ஆண்டுகள் கடந்து கருங்கடல் ஓரம் போவோம்.

1854 ஒக்ரோபர் 25ஆம் நாள் கிரைமியாவின் பலக்லாவாவில் பிரித்தானியரின் இலேசுக் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்குள் பாய்ந்தது. பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்ட கட்டளை அது. முந்நூறுக்கு மேற்பட்ட குதிரைகள் அழிந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் டெனிசன் அதனைப் பாட்டாக்கினார். ஆங்கிலப் பாடநூல் வழியாக அப்பாட்டு நம்மூர்ப் பள்ளிக்கூடங்கள்வரை வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பாய்ச்சலில் தப்பிய குதிரைகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை எந்தப் பெருங்கவிஞரும் பாடவில்லை.

நவம்பரில் இலேசுப் படையை இன்கர்மன் மேட்டுக்கு அண்மையில் நிறுத்தினார்கள். பலக்லாவாத் துறைமுகத்திலிருந்து அது ஏறத்தாழ 6 மைல். நவம்பர் 14இல் பெரும்புயல் வீசியது. குளிர்கால உடைகளோடு நின்ற கப்பல் மூழ்கியது; தீவனமும் கடலோடு போயிற்று. எஞ்சிய தீவனத்தை மேட்டுக்குக் கொண்டுசெல்லப் போதிய வண்டிகள் இல்லை. மழையில் பாதை சேறாகிவிட்டது. குதிரைக்கு நாளுக்கு ஒரு கைப்பிடி பார்லி என்ற நிலை வந்தது. குதிரைகளையே துறைமுகத்துக்கு அனுப்பித் தீவனம் சுமந்து வரச்செய்யலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. பசி பொறுக்காத குதிரைகள் ஒன்றன் வாலையும் பிடரிமயிரையும் மற்றொன்று கடித்துத் தின்றன. கயிற்றையும் தோல்வாரையும் மென்றன. அந்நாள்களில் படைத்தலைவர் கார்டிகன் பிரபு துறைமுகத்தில் நின்ற தமது உல்லாசப் படகில் உறங்கினார்.

அடுத்த ஆண்டு மக்நீல், டுலக் என்ற இருவரை விசாரணைக்காக அரசாங்கம் அனுப்பியது. பொருள்கள் துறைமுகத்தில் கிடக்க மனிதரும் குதிரைகளும் மேட்டில் மாண்டதை அவர்கள் அறிக்கையாக எழுதினார்கள். குதிரைகளுக்குக் காற்றுத்தடுப்பு அமைக்கத் தலைவர்கள் முயலவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகள் கொதித்தெழுந்தார்கள். 1856இல் தளபதிகளைக் கொண்ட ஒரு சபை கூடி அவர்களைக் குற்றமற்றவர்கள் எனத் தீர்த்தது. மாண்ட குதிரைகளின் சார்பில் அங்கே பேச எவருமில்லை.

இங்கே நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொங்கோலியக் குதிரையும் வெளியில் நின்றது, கிரைமியாவின் குதிரையும் வெளியில் நின்றது. ஆனால் முன்னது விடப்பட்டிருந்தது, பின்னது கட்டப்பட்டிருந்தது. விட்ட குதிரை காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பும். பள்ளம் பார்த்து ஒதுங்கும். நடந்து உடலைச் சூடாக்கும். கூட்டத்தோடு நெருங்கி நிற்கும். வரிசையாகக் கட்டிய குதிரைக்கு இவற்றில் ஒன்றும் இயலாது. அதற்கு இருந்த ஒரே காப்பு மனிதன் கொண்டுவந்து கொடுக்கும் தீவனம். அதுவும் நின்றபோது எல்லாம் முடிந்தது. வெளியே வளர்ப்பது வேறு, வெளியே கைவிடுவது வேறு. பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டி மனச்சாட்சியை ஆற்றிக்கொள்வோர் எல்லா நாட்டிலும் உண்டு.

குளிர் பழகிய குதிரையென்றால் எங்கு கொண்டுபோனாலும் பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு நேர்ந்த கதி இன்னொன்று. அது தென்துருவத்தில் நடந்தது.

மஞ்சூரியாவின் மட்டக்குதிரைகள் கடுங்குளிரில் வாழ்ந்து பழகியவை. 1907 முதல் 1909 வரையிலான தமது பயணத்துக்கு ஷாக்கிள்டன் அவற்றையே தெரிந்தார். பத்துடன் நியூசிலாந்தை விட்டுப் புறப்பட்டவரிடம் குளிர்காலம் தொடங்கும்போது நான்கே எஞ்சின. உப்புச்சுவை தேடி எரிமலை மணலைத் தின்றே சில மாண்டன. 1910இல் கப்டன் ஸ்கொட் புறப்பட்டபோது அவருடைய கப்பலில் 19 மஞ்சூரியக் குதிரைகள் இருந்தன. கடலில் எழுந்த புயலிலே இரண்டு இறந்தன. எஞ்சியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக் குதிரைப்படை அதிகாரியான கப்டன் ஓட்ஸுக்கு. 1911இன் தொடக்கத்தில் எட்டுக் குதிரைகளோடு உணவுக்கிடங்கு அமைக்கப் போனார்கள். உயிரோடு திரும்பியவை இரண்டு.

தென்முனையிலிருந்து மீளும்போது உயிர்காக்க வேண்டிய பெருங்கிடங்கை 80ஆம் பாகையில் வைப்பது திட்டம். குதிரைகள் தளர்ந்தன. தளர்ந்தவற்றைக் கொன்று இறைச்சியாக வைத்துவிட்டு மேலே போகலாம் என்று ஓட்ஸ் வற்புறுத்தினார். விலங்குகளின் துன்பத்தைப் பொறுக்காத ஸ்கொட் மறுத்தார். ஏறத்தாழ 31 கடல்மைல் முன்னதாகவே கிடங்கு அமைந்தது. அடுத்த ஆண்டு, 1912 மார்ச்சில், மீண்டு வரும் வழியில் ஓட்ஸ் தம் கூடாரத்தைவிட்டுப் பனிப்புயலுக்குள் நடந்து மறைந்தார். ஸ்கொட்டும் மற்ற இருவரும் இறந்துகிடந்த கூடாரத்துக்கும் அந்தக் கிடங்குக்கும் இடைத்தூரம் 11 கடல்மைல். அவர்கள் இறப்புக்குக் காரணங்கள் பல; இதை மட்டும் தனியே காரணமாக்குவது நேர்மையாகாது. எனினும் அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் நெஞ்சு கனக்கும்.

அந்தக் குதிரைகளுக்காக ஸ்கொட் குழுவினர் செய்யாத பணி இல்லை. குளிர்காலத்தில் குடிசையை ஒட்டி லாயம் கட்டினார்கள். கடல்நாய்க் கொழுப்பை எரித்து அடுப்பு மூட்டினார்கள். பயணத்தில் தங்கும் இடந்தோறும் களைத்த கைகளாலேயே பனிக்கட்டிச் சுவர் எழுப்பினார்கள். இருந்தும் ஓடிய குதிரையின் வியர்வை தோலில் உறைந்தது. பனியைக் கிளறினால் கீழே புல் இல்லை. தின்னும் ஒவ்வொரு பிடியும் கப்பலில் வந்து, பின் அவற்றின் முதுகுக்குப் பின்னாலேயே இழுபட்டு வரவேண்டியிருந்தது. எஞ்சிய பத்துக் குதிரைகளும் 1911 நவம்பரில் தெற்கே புறப்பட்டன. டிசெம்பர் 9ஆம் நாள் கடைசிக் குதிரைகளையும் சுட்டுக் கொன்றார்கள். அவை மஞ்சூரியாவில் கற்ற கல்விக்கு அந்நிலத்தில் பயன் இல்லாது போயிற்று.

இந்த மூன்று நிகழ்ச்சிகளும் உணர்த்துவதை இன்றைய கால்நடை அறிவியலும் தன் மொழியில் சொல்கிறது. குதிரையின் பெருங்குடற் பகுதியில் நார்த்தீவனம் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. உலர்புல் அதற்கு உணவு மட்டுமன்று, விறகும்கூட. பகற்பொழுது குறையக் குறையக் குளிர்கால மயிர் அடர்ந்து வளர்கிறது. அந்த மயிர் சிலிர்த்து நின்று காற்றைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. நல்ல மயிருள்ள குதிரையின் முதுகில் விழுந்த வெண்பனி உருகாமலே கிடக்கும். உள்ளே உள்ள வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். குளிருக்குப் பழகிய வளர்ந்த குதிரை பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியஸ்வரை கூடுதல் தீவனமின்றியே தன் சூட்டைக் காத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் உணவின் சக்தியை ஏறத்தாழ 2.5 சதவீதம் கூட்ட வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதன் பகை எதுவென்றால் ஈரமும் காற்றும் ஒன்றாய் வருவது. நனைந்த மயிர் காற்றைப் பிடிக்காது. நக்கீரரின் பாசறைக் குதிரை துளிகளை உதறியதும் வெறும் அழகுக்காக அன்று. அது தன் உடம்பைக் காக்கும் தொழில். ஆகவே வெளியில் வளர்ப்போர் காற்றுக்கு முதுகுகாட்டிய மூன்று சுவர்க் கொட்டில் ஒன்றை அமைத்துவிட்டு, வாயிலைத் திறந்தே வைக்கிறார்கள். போவதும் வருவதும் குதிரையின் விருப்பம். நாளுக்கு 20 முதல் 40 லீற்றர்வரை உறையாத தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் உலர்புல் குடலில் இறுகிக் குதிரை வயிற்றுநோவால் சாகும். கிழக்குதிரைக்கும் நோயுற்றதற்கும் மயிர் கத்தரித்த வேலைக்குதிரைக்கும் கூரையும் போர்வையும் வேண்டியவையே.

பூட்டிய லாயத்துக்கும் குறைகள் உண்டு. சாணமும் மூத்திரமும் எழுப்பும் நவச்சார ஆவியும், வைக்கோல் தூசியும், பூஞ்சணமும் குதிரையின் நுரையீரலைக் கெடுத்துத் தீராத இருமலைக் கொடுக்கின்றன. நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் நடந்து மேய்வதற்கென்று அமைந்த விலங்கு நின்ற இடத்திலேயே நின்று மரத்தைக் கடிக்கத் தொடங்குகிறது. தலையை இடமும் வலமும் ஆட்டத் தொடங்குகிறது. சலித்த குதிரை என்று சங்கப்புலவர் கண்டது இதைத்தான் போலும்.

சைபீரியாவின் யாக்கூத்தியாவில் குளிர்காலம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டும். அங்கே யாக்கூத்துக் குதிரைகள் ஆண்டு முழுவதும் வெளியிலேயே வாழ்கின்றன. 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வியப்பான செய்தியைத் தந்தது. இக்குதிரைகள் பழங்காலந்தொட்டு அங்கிருந்த இனமல்ல. யாக்கூத்து மக்கள் தெற்கிலிருந்து குடிபெயர்ந்தபோது கூடவே வந்தவற்றின் வழித்தோன்றல்கள். குட்டை உடலும் அடர்மயிரும் எண்ணூறு ஆண்டுகளுக்குள் வாய்த்தவை. நிலம் தன்மேல் வாழ வந்ததை மெல்ல மெல்லத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

ஆனாலும் வெளிவாழ்வை ஒரு சொர்க்கமாகக் காட்டுவது பொய்யாகும். மொங்கோலிய மொழியில் ட்சூட் என்று ஓர் அச்சமூட்டும் சொல் உண்டு. கால்நடைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் குளிர்காலத்தை அது குறிக்கும். பனி மிக ஆழமாக விழுந்து புல்லை மூடினால் வெள்ளை ட்சூட். பனி உருகி மீண்டும் உறைந்து குளம்பாலும் உடைக்க முடியாத தகடாகிவிட்டால் அதை இரும்பின் பெயரால் அழைக்கிறார்கள். 2009-2010 குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு கோடி கால்நடைகள் மாண்டன. 2023-2024 குளிர்காலத்தில் 70 இலட்சத்துக்கு மேல் மாண்டன. அங்கும் கொல்வது குளிர் என்பதைவிடப் பசி என்பதே பொருந்தும். வறண்ட கோடையில் கொழுப்புச் சேராத உடல், பனித்தகட்டின் கீழே எட்டாத புல், இரண்டும் கூடும்போதுதான் மந்தைகள் சரிகின்றன. முன்கூட்டியே உலர்புல் சேர்த்துவைத்த இடையன் சிலவற்றையேனும் காப்பாற்றுகிறான்.

நமது நெடுந்தீவிலும் கூரையில்லாக் குதிரைகள் உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஐரோப்பியர் ஆட்சிக்கால வளர்ப்பின் தொடர்ச்சியாகக் கருதப்படும் மட்டக்குதிரைகள் அவை. அத்தீவில் பழைய குதிரை லாயத்தின் கற்றூண்கள் கூரையிழந்து நிற்கின்றன; குதிரைகளோ இன்னும் வெளியில் மேய்கின்றன. அவற்றுக்குப் பனி இல்லை. வறட்சிக்காலத்தில் குளங்கள் வற்றும்போது தாகத்தால் சாகின்றன. மொங்கோலியாவில் உலர்புல் எதுவோ, நெடுந்தீவில் ஒரு தொட்டித் தண்ணீர் அதுவே.

கூரையா, வெளியா என்ற வாதத்தில் ஒரு பக்கம் சாய்வது எளிது. கூரை போட்டதும் நம் கடமை முடிந்தது என்று நினைப்பவரும் உண்டு. இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவுபவரும் உண்டு. கீவின் தலைவர்கள் கார்ப்பினிக்குச் சொன்னது இந்த இரண்டும் அல்ல. இந்தக் குதிரைக்கு என்ன தெரியும், போகும் இடத்தில் அதற்கு என்ன கிடைக்கும் என்ற இரண்டையும் அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். வாயில்லாத உயிர் ஒன்றை வளர்க்கப் புகும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. அக்கேள்விகளைக் கேளாமல் போனதன் விலையைக் கிரைமியாவில் குதிரைகள் கொடுத்தன. தென்துருவத்தில் குதிரைகளோடு மனிதரும் கொடுத்தனர்.